நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி

கே.புதூர், மூன்றாவது மாடி. இரவு இரண்டேகால்.
ஏசி சொட்டுகிற இடத்தில் பெயின்ட் வாளி.
என் காதில் லீட்ஸ் நகரத்து மருத்துவர்
முதியோர் வார்டுக் கடிதங்களைச் சொல்லச் சொல்ல
மிதிகட்டையை அழுத்தி அவரை ஓட்டுகிறேன்,
காலை எடுத்து நிறுத்துகிறேன்.
டாக்டர் ஃபைன்கோல்ட். முகம் தெரியாது.
மூன்று வருடமாக அவர் இருமல் தெரியும்.

இன்று கருவியை அணைக்க மறந்துவிட்டார்.
போன் வந்தது. அண்ணன் போலிருக்கிறது, ஹைஃபாவிலிருந்து.
அந்தப் பக்கம் கேட்கவில்லை. இந்தப் பக்கம் மட்டும்:

"ஆமாம், பள்ளிக்கூடச் சுவரில்தான். சிவப்பு பெயின்ட்.
துடைத்தாயிற்று. யார் துடைத்தார்கள் என்று கேட்காதே.

வாசல் நிலையில் இருந்த மெஸூஸாவைக் கழற்றி
உள்பக்கம் அடித்துவிட்டேன்.
கடவுளுக்கு இடம் தெரியும். மற்றவர்களுக்கு வேண்டாம்.

வா வா என்கிறாய்.
நீ போனபோது உனக்கு இருபத்திரண்டு வயது, ஒரு முதுகுப்பை.
ஆஷருக்கு முப்பத்தொன்று.
அவனுக்கு அந்த இல்லத்தில் இடம் கிடைக்க
ஒன்பது வருடம் ஆனது.
நீல டம்ளரில் தண்ணீர் தருகிறவள் பெயர் ஜாய்ஸ்.
வேறு யார் தந்தாலும் குடிக்க மாட்டான்.
ஜாய்ஸுக்கு விசா கொடுப்பார்களா உங்கள் நாட்டில்?

ஐம்பத்தெட்டு வயதில் எந்த மொழியில் கேட்பேன்,
எங்கே வலிக்கிறது என்று?
ஹெலனின் அம்மா மெதடிஸ்ட்.
அவளை உங்கள் ரப்பிகள் எந்த வரிசையில் நிறுத்துவார்கள்?
அங்கே மட்டும் என்ன, சைரன் இல்லையா?

இல்லை, கோபமில்லை.
வீட்டுக் கடனைப் பற்றி இன்னும் பேசவே இல்லை."

கீழே ரோட்டில் கொத்துபரோட்டா சத்தம் நின்றுவிட்டது.
மிதிகட்டையிலிருந்து நான் காலை எடுக்கவில்லை.

யூதர் யாரையும் எனக்குத் தெரியாது.
மிஷன் பள்ளியில் வாசித்த யூதர்கள் எல்லாம்
கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு
கிளம்பியபடியே இருந்தார்கள்.
கிளம்ப முடியாத ஒருவரை
இன்றுதான் கேட்கிறேன்.

எங்கள் வீடு மேலூரைத் தாண்டி.
தேரோட்டம் முடிந்த வாரம்
எங்கள் பம்புசெட்டு எரிந்தது.
திருப்பூரிலிருந்து சித்தப்பா:
"அங்கன என்னத்தக் கட்டிக்கிட்டு அழுகுறீக? கெளம்பி வாங்க."
அய்யா போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

எண்பத்தேழு சென்ட், பட்டா வழக்கு.
வாய்தாவுக்கு வாய்தா நேரில் நிற்க வேண்டும்.
ஊரைவிட்டுப் போனால்
அனுபவத்தில் இல்லை என்று எழுதிவிடுவார்கள்.
செவ்வாய், வெள்ளி
பெரியாஸ்பத்திரியில் அம்மாவுக்கு டயாலிசிஸ்.
தம்பி பத்தாவது.

கிளம்பி வந்தவள் நான்தான்.
புதூரில் எட்டு வீட்டில் "நீங்க என்ன ஆளுக?"
ஒன்பதாவது வீட்டில் பொய் சொன்னேன்.
நீலக் கோட்டுக்காரர் படத்தை
பீரோவின் உள்கதவில் ஒட்டியிருக்கிறேன்.

ரெண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை.
அவருடைய தாத்தாக்களுக்கு நேர்ந்ததன் அளவு
எனக்குத் தெரியாது.
அவருக்கு பென்ஷன் உண்டு, கார் உண்டு.
கேள்விதான் ஒன்று.
அதைக் கேட்கிறவர்கள் எப்போதும்
கொஞ்சம் தூரத்தில் இருக்கிறார்கள்.

"ஸாரி" என்றார். யாரிடம் என்று தெரியாது.
தொண்டையைச் செருமிக்கொண்டு தொடர்ந்தார்:
நோயாளிக்கு வயது எண்பத்து மூன்று.
படி ஏற முடியவில்லை. தனியாக வசிக்கிறார்.
வேறு இடம் போக விருப்பமில்லை.

மருத்துவம் சாராத பேச்சை நீக்கவும், விதி ஆறு.
நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடியை நீக்கினேன்.

விருப்பமில்லை என்றுதான் காதில் விழுந்தது.
விரல் இயலவில்லை என்று அடித்துவிட்டது.

காலையில் சரிபார்க்கும் பெனாசீர் அக்கா
அந்த ஒரு சொல்லைச் சிவப்பாக்கி அனுப்பியிருந்தார்.
பொருள் மாறிய பிழை. ஐம்பது ரூபாய் பிடித்தம்.
கையெழுத்துப் போட்டுவிட்டு
பஸ்ஸுக்கு ஓடினேன். இன்று வெள்ளிக்கிழமை.